ஒரு கட்டுகூட வாங்காத வருஷம்

மேய்ச்சல் நிலத்துக்குள் காலை வைக்கும்முன் அண்ணி இடது செருப்பை மட்டும் கழற்றுவார். வலது செருப்பு காலிலேயே இருக்கும். கழற்றியதை வேலிக் கம்பத்தின் அடியில் விட்டுவிட்டு, குளிக்கப் போகிறவர்கள் தண்ணீரின் சூடு பார்ப்பதுபோல வெறும் பாதத்தைப் புல்லுக்குள் மெல்ல இறக்குவார். பாதம் மண்ணில் படிந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். பிறகுதான் குனிந்து பார்ப்பார். கணுக்கால் எலும்பு புல்லுக்குள் மறைந்திருந்தால் அந்த இடத்தில் மாட்டை விடலாம். மேய்ந்து மேய்ந்து புல் குட்டையாகி, பாதத்தின் மேற்புறம் முழுதும் தெரிய ஆரம்பித்துவிட்டால், மாட்டின் வாயில் பாதிப் புல் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, அன்றைக்கே வெளியே ஓட்டிவிட வேண்டும். அளவுகோல், டேப் எதுவும் கிடையாது. கால் ஒன்றுதான்.

ஏன் ஒரு காலை மட்டும் என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டையும் கழட்டி, ரெண்டுலயும் முள்ளு குத்திட்டா என்னை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது யாரு தம்பி? உங்க அண்ணனா?" என்றார். அண்ணன் ஒல்லி. ஒரு பால் கேனைத் தூக்கினாலே அவன் பக்கவாட்டில் சாய்ந்துதான் நடப்பான்.

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வரும்வரை அண்ணி ஒரு மாட்டைத் தொட்டதுகூட இல்லை. ஒரு மருந்து மொத்த வியாபாரியின் குடோனில் சரக்குப் பொறுப்பாளராக இருந்தவர். எந்த மாத்திரை எந்த அடுக்கில் இருக்கிறது, இன்னும் எத்தனை பெட்டி, எது எப்போது காலாவதி ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்பா அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'குடோன்' என்பதுதான். "குடோன் திறந்தாச்சா?" என்பார் காலையில். அண்ணி எழுந்துவிட்டாரா என்று அர்த்தம். முகத்துக்கு நேரேதான் கேட்பார். "திறந்தாச்சு மாமா, சரக்கு எடுக்க வர்றீங்களா?" என்று அண்ணி டீ டம்ளரை நீட்டுவார்.

எங்களுடையது பால் மாட்டுப் பண்ணை. தகரக் கூரை போட்ட கொட்டகை, அதன் பின்னாலிருந்து ஒரே துண்டாகச் சரிந்து போகும் மேய்ச்சல் நிலம், நடுவில் ஒரு மேடு, மேட்டைத் தாண்டி மறுபடி சரிவு, அடியில் ஓடை. மேட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டிலிருந்து தெரியாது. நாங்கள் போவதும் அபூர்வம். அப்பாவின் நிர்வாகம் எளிமையானது. காலையில் படலைத் திறப்பார், மாலையில் சாத்துவார். இடையில் நடப்பதெல்லாம் மாடுகளின் இஷ்டம். மாடுகளோ தட்டில் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும் குழந்தைகள் மாதிரி. கொட்டகைக்குப் பக்கத்து இளம்புல்லையே திரும்பத் திரும்பக் கடித்து, துளிர்க்கும்போதே அதைக் கிள்ளி, வேரையும் மிதித்து, கடைசியில் அந்த இடத்தைச் சைக்கிள் ஓட்டிப் பழகும் மைதானமாக்கி வைத்திருந்தன. தூரத்துப் புல் தன்பாட்டுக்கு வளர்ந்து, முற்றி, கம்பியாகும்.

அதனால் வெயில் காலம் வந்ததும் வைக்கோல்காரர் வருவார். வளைவில் லாரி திரும்பும்போதே நீளமாக இரண்டு ஹாரன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கைப்பிடி வைத்த ஒரே நாற்காலி வைக்கோல்காரருக்குத்தான். மாப்பிள்ளைக்குக்கூட எங்கள் வீட்டில் அந்த மரியாதை கிடைத்திருக்காது. வைக்கோலும் காய்ந்த புல்லும் கட்டுக் கட்டாக இறங்கும். பால் பணம் வங்கிக்கு வந்த வாரமே வந்த வழியே வெளியேறும்.

அண்ணி முதல் வருஷம் முழுக்க எதுவும் சொல்லவில்லை. கட்டு இறங்குவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் வெளியே வந்து ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்தும் பார்ப்பார். புதுப் பெண்ணுக்கு வைக்கோல் வேடிக்கையாக இருக்கிறது என்று அம்மா சிரித்தாள்.

அந்த வெயில் காலத்தின் முடிவில் வீட்டில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. அண்ணன் வெளிநாட்டில் லாரி ஓட்டும் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்தான். அப்பா மந்தை மொத்தத்தையும் விலைக்கு எடுத்துக்கொள்ள ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். பண்ணையில் மிச்சம் எதுவும் இல்லை என்பதுதான் இரண்டுக்கும் காரணம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் அது வெறும் செய்தியாகவே பேசப்பட்டது. அன்றைக்குத்தான் அண்ணி வாயைத் திறந்தார்.

"மாமா, நாம மாடு வளக்கல. வைக்கோல்காரரைத்தான் வளக்கிறோம்."

அம்மா எழுந்துபோய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். சண்டை வரும்போலிருந்தால் அவள் செய்வது அது. தண்ணீர்ச் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழாது, பாதிச் சண்டை குறையும் என்பது அவள் கணக்கு.

"அவரு இல்லேன்னா இந்த மாடுங்க என்னைக்கோ பட்டினி கிடந்து செத்திருக்கும்" என்றார் அப்பா.

"வயித்துக்கு வேண்டியது நிலத்துலயே இருக்கு மாமா. அடுக்கி வைக்கலை, அவ்வளவுதான். எனக்கு ஒரு வருஷம் குடுங்க."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தட்டைப் பார்த்தான். அப்பா நிபந்தனை போட்டார். இந்த மழையிலிருந்து அடுத்த மழை பெய்து புல் வரும்வரை வெளியிலிருந்து ஒரு கட்டு, ஒரே ஒரு கட்டு தீவனம் வாங்கினாலும் மந்தை கைமாறிவிடும், அவள் புருஷன் விமானம் ஏறுவான். அதுவரை இரண்டு பேச்சையும் தள்ளிவைக்கலாம். "புல்லு தானா வர்றதும்மா. அதுக்குப் போய்க் கணக்கா?" என்று கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"மருந்தும் லாரியில தானாத்தான் மாமா வந்துச்சு" என்றார் அண்ணி.

முதல் மழைக்குப் பிறகு, குடோனில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அண்ணி மெல்லிய கம்பிச் சுருள்களும், சூரிய ஒளியில் இயங்கும் ஒரு சின்ன மின்வேலிப் பெட்டியும் வாங்கினார். லாரிகளை எடைபோடும் எடை மேடையில் எனக்கு வேலை மதியத்துக்கு மேல்தான் என்பதால் காலை முழுக்கக் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பாயிற்று. நிலத்தைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்தோம். துண்டுகளுக்கு அண்ணி வைத்த பெயர் அடுக்கு. கொட்டகையை ஒட்டியது முதல் அடுக்கு, ஓடைக்கரை பன்னிரண்டாம் அடுக்கு.

அப்பா இடுப்பில் கைவைத்து நின்று, இடுப்பு உயரத்தில் ஓடிய அந்த ஒற்றைக் கம்பியைப் பார்த்தார். முழு வளர்ச்சி அடைந்த ஒரு மாட்டை இந்த நூலா நிறுத்தப்போகிறது என்று கேட்டார். பெட்டியில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. வேண்டாம் மாமா என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள் கம்பியைப் பிடித்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லாத அதிர்ச்சிதான். ஆனாலும் அடுத்த நொடி அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், யோசிப்பவர்போல. நான் சிரிக்கவில்லை. அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாதான் சமையலறை ஜன்னல் வழியாகச் சொன்னாள், "மாடாவது நின்னிருக்கும். இவரு உக்காந்தே போயிட்டாரு."

முறை இதுதான். மந்தை மொத்தமும் ஓர் அடுக்கில் இரண்டு மூன்று நாள் மேயும். பிறகு அடுத்த அடுக்கு. முதல் அடுக்குக்கு, அங்கே புல் மறுபடி கணுக்கால் உயரம் வந்தால்தான் திரும்ப வரலாம். அதற்கு முன் ஒரு வாய்கூட இல்லை. இடம் சின்னதாக இருப்பதால் மாடுகளால் பொறுக்க முடியாது. பிடித்தது பிடிக்காதது எல்லாவற்றையும் தின்றாக வேண்டும். "முத்திப்போன புல்லு காலாவதியான மருந்து தம்பி. உள்ள போகும், உடம்புல சேராது. சரியான தேதியில வெளிய எடுக்கணும்" என்று கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

முதல் மாதம் பால் குறைந்தது.

மாடுகள் புல்லை விட்டுவிட்டு, பழகிய இடத்தைப் பார்த்துக் கம்பியோரம் நின்று கத்தின. அப்பா தினமும் கறவை முடிந்ததும் கேன்களைத் தட்டித் தட்டிச் சத்தத்தை எல்லோருக்கும் கேட்கவைப்பார். காலி இடத்தின் சத்தம் நன்றாகவே கேட்கும். அண்ணன்கூட ஒருநாள், பெட்டியைக் கொஞ்ச நாள் அணைத்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.  அண்ணி இடது செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாம் அடுக்குக்குள் போய்விட்டார்.

இரண்டாவது சுற்றில்தான் நிலம் பேச ஆரம்பித்தது. விட்டுப்போன இடத்தில் புல் அடர்ந்து வந்தது. சைக்கிள் மைதானமாக இருந்த முதல் அடுக்கில், மொட்டைத் தலையில் முடி முளைப்பதுபோல், முதலில் ஒரு நிழலாகப் பச்சை தெரிந்தது. பிறகு அது நிழல் இல்லை என்று ஆனது. டீச்சர் என்று நாங்கள் கூப்பிடும் முன்னணி மாடு, கம்பி மாற்றும் நாளைத் தானே தெரிந்துகொண்டு, நாங்கள் போவதற்கு முன்பே அடுத்த அடுக்கின் வாசலில் வகுப்பு எடுக்க வந்தவள்போல நின்றது. அதன் பின்னால் மற்றதெல்லாம் வரிசை. கேன்கள் நிரம்பின. அப்பா கேனைத் தட்டுவதை நிறுத்தினார்.

ஆனால் உண்மையான சண்டை, எல்லாம் நன்றாக இருந்தபோதுதான் வந்தது. மழைக்காலம் முடிந்து, எங்கு பார்த்தாலும் பச்சை, மாடுகளின் முதுகில் தண்ணீர் ஊற்றினால் வழுக்கி ஓடும், சந்தையில் நல்ல விலை. அந்த நேரத்தில் அண்ணி எட்டு மாடுகளை விற்க வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு மந்தை என்பது எண்ணிக்கை. மாலையில் படலருகே நின்று, உதடு அசைய, உள்ளே வரும் ஒவ்வொரு தலையையும் எண்ணுவார். முப்பதைத் தாண்டும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைக் குறைக்கச் சொன்னால்? ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். கஷ்டத்தில் இருக்கிறோம் என்று நினைப்பார்கள் என்றார். பச்சை நிற்கும்போது மாடு விற்கிறவன் பைத்தியக்காரன் என்றார்.

"மாமா, ஊரா வந்து பால் கறக்குது?" என்றார் அண்ணி. கோபமாக இல்லை. "இப்ப கையிருப்பு இவ்வளவு. தினம் போறது இவ்வளவு. புதுச் சரக்கு அடுத்த மழைக்கு அப்புறம்தான். எல்லா வாயும் இருந்தா நடுவுலயே அடுக்கு காலி. அப்ப ஊர்ல எல்லாரும் விப்பாங்க, எலும்பும் தோலுமா. நாமளும் அந்த வரிசையில நிக்கணுமா?"

 மறுநாள் காலை கொட்டகையில் அண்ணியோடு அவரும் வந்து நின்றதைப் பார்த்தேன். எது அதிகம் தின்று குறைவாகக் கறக்கிறது, எது சினை பிடிக்கவில்லை என்று இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். மகாராணியிடம் வந்ததும் அப்பா அதன் கழுத்தில் கையைப் போட்டுவிட்டார். மகாராணி கன்று போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு சொட்டுப் பால் கிடையாது. தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நடக்கும்.

அண்ணி அந்தக் கையைப் பார்த்தார். "சரி, இது இருக்கட்டும் மாமா. ஆனா இதோட சாப்பாட்டைப் பண்ணைச் செலவுல எழுத மாட்டேன். வீட்டுச் செலவுல, உங்க வெத்தலைக்குப் பக்கத்துல எழுதறேன்" என்றார். அப்பா வேறுபக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மகாராணிக்குப் பதில் வேறொன்று போயிற்று. எட்டு மாட்டின் பணம் நல்ல பணம். ஒரு பழைய டிராக்டர் விலைக்கு வருகிறது என்று அண்ணன் கண் மின்னச் சொன்னான். கூரை ஒழுகுகிறது என்று அம்மா நினைவூட்டினாள். மாட்டை விற்ற காசு மாடாகத்தான் திரும்பி வரணும் என்று சொல்லி, அண்ணி அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டார்.

வெயில் வந்தது. அந்த வருஷம் சீக்கிரமே வந்தது. மேட்டைத் தாண்டிய நான்கு அடுக்குகளை அண்ணி மழைக்காலத்தின் பிற்பாதியிலிருந்தே மூடி வைத்திருந்தார். அங்கே புல் நின்றபடியே காய்ந்து, காற்றடித்தால் காகிதம் புரட்டும் சத்தம் கேட்கும். பச்சை அளவுக்குச் சத்து இல்லைதான், ஆனாலும் வயிற்றை நிரப்பும், உயிரைப் பிடித்துவைக்கும். கறவை மாட்டுக்கு மட்டும் கொஞ்சம் தவிடும் வெல்லத் தண்ணீரும். தவிடு, வீட்டுக்கு நெல் அரைக்கும்போது கிடைப்பது. கட்டு எதுவும் வாங்கவில்லை.

பக்கத்துப் பண்ணைகளில் லாரி இறங்க ஆரம்பித்தது. வைக்கோல்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, அந்த இரண்டு ஹாரனையும் அடிப்பார். ஒருநாள் இறங்கியே வந்தார். கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு விலை இன்னும் ஏறும், பழகின பாவத்துக்குச் சொல்கிறேன் என்றார். அப்பா அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவருக்கு டீ கொடுத்து, பிள்ளைகள் படிப்பு விசாரித்து, லாரிக்கு டயர் மாற்றியாச்சா என்று கேட்டு அனுப்பிவைத்தார்.

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. அண்ணியே செய்த தப்பு.

ஓடைக்கு அக்கரையில் மாடு வைத்திருக்கும் மீசைக்காரர் வந்தார். அவருடைய நிலத்தில் புல் தீர்ந்துவிட்டது. தன் மாடுகளில் பத்தை இங்கே மேயவிட்டால் தலைக்கு இவ்வளவு தருகிறேன் என்றார். அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டு மாட்டை விற்றதில் கொஞ்சம் புல் மிச்சம் தெரிந்தது. மாடில்லாமலே புல்லிலிருந்து வருமானம் என்றால் கசக்குமா? பத்துத் தலை, சரி என்றார்.

வந்தது பத்துத் தலைதான். ஆனால் வாய் பதினெட்டு. எட்டு மாடுகளின் பின்னால் எட்டுக் கன்றுகள், தாயின் தோளுயரம் வளர்ந்தவை, தாய்க்குச் சமமாகத் தின்பவை. இந்தப் பக்கத்தில் கன்றைத் தலைக்கணக்கில் சேர்ப்பதில்லை. தாயோடு வந்தது தாயோடு போகும் என்று விட்டுவிடுவார்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து உள்ளே எத்தனை அட்டை என்று எண்ணிப் பழகிய அண்ணி, மாட்டு விஷயத்தில் மட்டும் ஊர் வழக்கத்தை நம்பிவிட்டார். ஒன்பதாம் அடுக்கு நாலைந்து நாள் முன்னதாகவே தீர்ந்தபோதுதான் அது தெரிந்தது.

அன்று காலை அவர் வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்ற விதம் எனக்குப் புதிது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தப்புக் கணக்குப் போட்டுட்டேன் மாமா. தலையை எண்ணினேன், வாயை எண்ணலை. இப்படியே போனா மழைக்கு முன்னாடி தீந்துடும்."

ஜெயித்துவிட்டேன் என்று அப்பா சொல்லியிருக்கலாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, மீசையைப் போய்ப் பாக்கலாம்" என்றார்.

நானும் கூடப் போனேன். மீசைக்காரர் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். பேச்சு கொடுத்தால் போதும், கையை மீசைக்குக் கொண்டுபோய்விடுவார். கன்று என்ன பெரிதாகத் தின்றுவிடும், பச்சைக் குழந்தை மாதிரி என்றார்.

"எந்தக் குழந்தை? அதுல ரெண்டுக்கு உங்களை மாதிரியே மீசை முளைச்சிருக்கு" என்றார் அண்ணி.

மீசைக்காரரின் மனைவி உள்ளே சிரித்த சத்தம் வெளியே கேட்டது. அதோடு அவர் பாதி இறங்கிவிட்டார். மீதிப் பாதியை அப்பா இறக்கினார். கன்றுக்கும் சேர்த்துக் கூலி கொடு, இல்லையென்றால் கன்றுகளை ஓட்டிக்கொண்டு போ, மாடு இருக்கட்டும், பேச்சு மாறவில்லை என்றார். எங்கள் மருமகள் சொன்ன பேச்சு என்று இரண்டு முறை சொன்னார். குடோன் என்று சொல்லவில்லை. மீசைக்காரர் அன்று மாலையே கன்றுகளையும், அவற்றைத் தேடிக் கத்திய நான்கு தாய்களையும் ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றார். எப்படியும் விற்கவேண்டியவைதான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் தின்றது தின்றதுதான். ஈடுகட்ட அண்ணி கறவையைக் குறைத்தார். காலையில் மட்டும். குறைவாகக் கறக்கும் மாட்டுக்குத் தீனித் தேவையும் குறைவு. வங்கிக்கு வரும் பணம் மெலிந்தது. அண்ணன் தானே போய் ஓடையோரத்து மரங்களில் தழை ஒடித்துக்கொண்டு வந்தான். விமானம் ஏறப்போகிறவன் மரம் ஏறுகிறான் என்று அம்மா சொன்னாள்.

மழை தள்ளிப்போயிற்று. பதினோராம் அடுக்கு தீர்ந்தது. கடைசி அடுக்கைத் திறந்தோம். அண்ணி அந்த ஒரு அடுக்கையே கம்பியால் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, நாளுக்கு ஒரு கீற்று விட்டார்.  

ஒரு பிற்பகல், நான் வேலையில் இருந்தபோது, எடை மேடையின் இரும்புத் தகட்டில் பெரிய பெரிய துளிகள் விழுந்தன. சூடான இரும்பில் ஒவ்வொரு துளியும் ஒரு சத்தம். ஓடி வந்தேன். வீட்டு வாசலில் அப்பா நனைந்துகொண்டே நின்றிருந்தார். "ஜெயிச்சுட்டம்மா" என்றார் அண்ணியிடம்.

"மழை புல்லு இல்ல மாமா. இனிமேதான் முளைக்கணும்."

அந்த வாரம் ஊர் முழுக்க மாடுகளைப் புதுத் துளிரில் விட்டார்கள். பசி தாங்காத மாடுகள் விரல் உயரப் பச்சையை வேரோடு பிடுங்கின. அண்ணி மட்டும் கடைசிக் கீற்றுகளின் காய்ந்த புல்லிலேயே மந்தையை நிறுத்திவைத்தார். பக்கத்தில் பச்சை வாசனை, மாடுகள் கம்பியோரம் நின்று அவரைத் திட்டின. திட்டின என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா ஒருமுறைகூடக் கம்பியைத் திறக்கச் சொல்லவில்லை. வைக்கோல்காரரின் லாரி ஒருநாள் வந்து நின்றது. அப்பா துண்டை உதறாமலே எழுந்து போனார். நாற்காலி போடவில்லை. நின்றபடியே, "வேண்டாம், வீட்டுச் சரக்கே இருக்கு" என்றார்.

காய்ந்த புல்லின் கடைசிக் கீற்று தீர்ந்த நாளில் முதல் அடுக்கில் அண்ணியின் கணுக்கால் மறைந்தது. அப்பாவையே கம்பியைத் திறக்கச் சொன்னார். பெட்டி அணைந்திருக்கிறதா என்று அப்பா இரண்டு முறை கேட்டுக்கொண்டார். டீச்சர் முதலில் நுழைந்தது, பின்னால் எல்லாம். புல்லைப் பறிக்கும் சத்தம், ஒரே நேரத்தில் அத்தனை வாய்களின் சத்தம், துணி கிழிவதுபோல நிலம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். ஒரு கட்டுகூட வாங்கவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் அன்று மதியமே பஸ் ஏறிப்போய் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தான். மந்தைக்கு விலை பேசியவருக்கு அப்பா போன் செய்து, மன்னிக்கணும், மருமகள் தரமாட்டேன் என்கிறாள் என்றார். குரலில் மன்னிப்பு கொஞ்சமும் இல்லை.

அந்த வாரமே அண்ணி தனிக் கணக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். பட்டினி கிடந்து இளைத்த நல்ல இளம் மாடுகளை ஊர் இன்னும் விற்றுக்கொண்டிருந்தது. விலை அடிமட்டத்தில். விற்றவர்களிடம் புல் இல்லை, எங்களிடம் இருந்தது. எட்டை விற்ற பணத்தில் பதின்மூன்று வந்தன. முதல் நாள் மாலை அப்பா படலருகே நின்று எண்ணினார். பாதியில் கணக்கு தவறி, எல்லாவற்றையும் மறுபடி வெளியே ஓட்டச் சொல்லி, முதலிலிருந்து எண்ணினார். வேண்டுமென்றேதான் தவறவிட்டார் என்று அண்ணன் சொல்வான். அடுத்த மாதம் கொட்டகைக்குப் புதுக் கூரை. அதற்கடுத்த வருஷம் டிராக்டர். மீசைக்காரர் இப்போது அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் நிலத்தில் கம்பி இழுக்கிறார். தலை எண்ணாதீங்க, வாயை எண்ணுங்க என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறாராம், ஏதோ தான் கண்டுபிடித்ததுபோல.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் கழித்து, வைக்கோல்காரரின் லாரி எடை போட வந்தது. சீட்டு வரும்வரை மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். வியாபாரம் சுமார்தான் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டுக்கு இறக்கின லோடில் பாதி எந்தப் புல் தெரியுமா என்று கேட்டார். மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் புல். எங்கள் புல். ஒவ்வொரு மழை முடிவிலும் அவருடைய ஆட்கள் வந்து அதை வெட்டிக்கொண்டு போவார்களாம். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான். பழக்கூடைக்கு அடியில் போட என்று சொன்னதும், பாம்பு அடைகிறது, தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள் என்று அப்பா நன்றிகூடச் சொன்னாராம். காயவைத்துக் கட்டி, வைக்கோலுக்கு அடியில் ஏற்றி, வெயில் காலத்தில் எங்களுக்கே விற்றிருக்கிறார்.

அண்ணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றேன்.

"அவங்களுக்கு முதல் வருஷமே தெரியும் தம்பி. கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் வெட்டின தடத்தையும் பாத்துட்டு, மறுநாள் என் கடைக்கே வந்துட்டாங்க. நான் திட்டு வாங்கத் தயாரா நின்னேன். மாமாகிட்ட மட்டும் இதை எப்பவும் சொல்லிடாதீங்கன்னு கேட்டாங்க, அவ்வளவுதான்" என்றார்.

அது எந்த மாதம் என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில், வேண்டியது நிலத்திலேயே இருக்கிறது என்று சொல்லி அண்ணி ஒரு வருஷம் கேட்டதற்கு முந்தின மாதம்.